சூடேறிய பிறகு ஓட்டிப் பாருங்கள்

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். சோபாவில் உட்காருங்கள். குழந்தைத் துணிதான், தள்ளி வைத்துவிட்டு உட்காருங்கள். துவைத்த துணிதான். வந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மடித்து வைக்க எனக்கு நேரமில்லை. எட்டு மாதக் குழந்தை இருக்கிற வீடு இப்படித்தான் இருக்கும். உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருந்திருக்கலாம். ஆள் வைத்திருந்திருப்பீர்கள்.

டீ எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போட்டாயிற்று. வேண்டாமென்றால் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அவர்கள் வர நேரமாகும். "ரெண்டு தெரு சுத்திட்டு வந்துடலாம் சார், பத்தே நிமிஷம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டீர்கள்தானே? உங்கள் வீட்டுக்காரர்தான், "ஏற்காடு அடிவாரம் வரைக்கும் போய்ப் பார்த்துடலாமே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் நன்றாக இருக்கட்டும். இந்த அழகாபுரத்திலிருந்து அடிவாரம் போய்த் திரும்ப நாற்பது நிமிடமாவது ஆகும். அதைக் கேட்டபோது என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்த்தீர்களா? நீங்கள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன்.

இந்த வண்டியை வாங்காதீர்கள்.

ஆமாம், நான்தான் சொல்கிறேன். விற்கிறவன் பெண்டாட்டியே சொல்கிறேன். காலையில் அவர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "வர்றவங்ககிட்ட நீ வாயைத் தொறக்காதே. டீ குடு, உள்ளே போ." டீ கொடுத்துவிட்டேன். உள்ளே போகவில்லை.

அந்த அறையில் என் மாமியார் இருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது, டிவி ஓடுகிறது, நாம் பேசுவது கேட்காது. கேட்டாலும் சரி. அக்கா என்று கூப்பிடலாம்தானே? என்னைவிடப் பெரியவர்தான் நீங்கள், சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு நல்லது செய்ய வேண்டுமென்று எனக்கு ஆசை ஒன்றுமில்லை. வந்ததும் வராததுமாக, "சும்மா வீட்லதான் இருக்கீங்களா?" என்று கேட்டீர்கள். "குழந்தை ஏன் இவ்ளோ ஒல்லியா இருக்கா, பால் பத்தலையா?" என்று கேட்டீர்கள். பத்துகிறது அக்கா. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் குடித்தாள் என்று பிறந்த நாளிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். இதோ இந்த நோட்டு.

இந்த நோட்டில்தான் வண்டியும் இருக்கிறது.

முதல் தடவை நின்றது இனியாவுக்கு மூன்றரை மாதத் தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்பும்போது. நாலு ரோடு சிக்னல். நின்றதென்றால் எப்படி? இருமவில்லை, இழுக்கவில்லை, குலுங்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற மின்விசிறியை யாரோ சுவிட்சில் அணைத்த மாதிரி நின்றது. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, இன்ஜின் படம் போட்ட விளக்கு. சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பற்றவில்லை. பின்னால் அத்தனை பேரும் ஹார்ன். ஒரு ஆட்டோக்காரர் வந்து ஜன்னலில் தட்டி, "ஏம்மா, இது பார்க்கிங்கா?" என்றார். நாலு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

பின்சீட்டில் குழந்தையை வைத்திருந்த அத்தை கேட்டார்: "கிளட்சை வுட்டுட்டியா?"

அத்தைக்கு வண்டியில் கிளட்ச் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தலையில் குத்துகிற கிளட்ச்தான் தெரியும். ஆனாலும் கேட்டார். சாயங்காலம் என் வீட்டுக்காரரும் அதையே கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது. கிளட்ச், கிளட்ச், கிளட்ச். கல்யாணத்துக்கு முன்னால் ராசிபுரத்தில் என் அப்பாவின் பழைய வண்டியை ஆறு வருஷம் ஓட்டியவள் நான். ஒரு நாள்கூட நின்றதில்லை. அதைச் சொன்னால், "அது உங்கப்பா வண்டி, பிரேக் போட்டாலும் ஓடும், போடாட்டியும் ஓடும்" என்பார் இவர். சிரிப்பு வேறு.

நான் கான்வென்டில் படித்தவள். எங்கள் பிசிக்ஸ் சிஸ்டர் ஃபிலோமினா ஒன்று சொல்வார்கள்: கண்ணால் பார்த்ததை அன்றைக்கே எழுது, நாளைக்கு எழுதினால் அது கதை. அதனால் எழுதினேன். வேறு நோட்டு கையில் இல்லை, பால் நோட்டில்தான் எழுதினேன். "11.05 இடது, 12 நிமிடம். 11.48 நாலு ரோடு, வண்டி நின்றது, 4 நிமிடம். 12.30 வலது." இதை அத்தை ஒரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டார். மகனிடம் கொண்டுபோய்க் காட்டினார். "நவநீ, இத பாருடா. பாலுக்கு ஒரு கோடு, வண்டிக்கு ஒரு கோடு. எனக்கு பயமா இருக்குடா. பிரசவத்துக்கப்புறம் சில பேருக்கு இப்படி ஆகுமாம்."

எப்படி ஆகுமாம்? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை நின்றதும் ஜெயசீலன் கராஜுக்கு விட்டோம். ஐந்து ரோட்டிலிருந்து உள்ளே போனால் இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். பெரிய ஷெட். ஜெயசீலன் இவருக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தே சீனியர். என்னிடம் பேசவே மாட்டார். நான் சொல்லச் சொல்ல இவரைப் பார்த்தே பதில் சொல்வார். "ஏதாவது ஃபால்ட்டுன்னா கம்ப்யூட்டர் ஞாபகம் வெச்சிருக்கும் நவநீ. ஸ்கேனரை மாட்டினா ஒப்பிச்சிடும். வண்டி இருக்கட்டும், காலையில பார்த்துடறேன்." மறுநாள் ஸ்கேனரை மாட்டியிருக்கிறார். ஒரு ஃபால்ட்டும் இல்லை. மஞ்சள் விளக்கும் எரியவில்லை. "ஸ்கேனர் பொய் சொல்லாது நவநீ. மேடத்துக்குக் கொஞ்சம் ஓட்டிப் பழக்கம் வரணும்."

மேடம் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு.

மூன்று தடவை இப்படி. நிற்கும், விளக்கு எரியும், கராஜில் விடுவோம், ஒரு ராத்திரி இருக்கும், காலையில் ஒன்றுமில்லை என்று திரும்பி வரும். மூன்றாவது தடவை நானே போய் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். உட்கார்ந்து சாவியைப் போட்டதும் பார்த்தேன், வண்டியில் இருக்கிற கடிகாரம் ஒன்று இருபது காட்டியது. என் கையில் பத்து நாற்பது. ரேடியோவில் நான் பிடித்து வைத்திருந்த நிலையம் ஒன்றுகூட இல்லை.

நீங்களாக இருந்தால் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து ஆரம்பிக்கும். அப்படியானால் ஒன்பது இருபதுக்கு யாரோ இந்த வண்டிக்குப் பேட்டரி ஒயரை மாட்டியிருக்கிறார்கள். அதுவரைக்கும் கழற்றிக் கிடந்திருக்கிறது. கடிகாரத்துக்கு மணி மறந்துபோகும், ரேடியோவுக்கு நிலையம் மறந்துபோகும், கம்ப்யூட்டர் மட்டும் ஃபால்ட்டை ஞாபகம் வைத்திருக்குமா?

இறங்கிப் போய்க் கேட்டேன். ஜெயசீலன் தோசை தின்றுகொண்டிருந்தார். "ராத்திரி நிக்கிற எல்லா வண்டிக்கும் கழட்டிடுவோம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஷெட்ல ஒரு வண்டி தீப்பிடிச்சுச்சு. அதுலேர்ந்து பழக்கம்" என்றார். அப்படியென்றால் கழற்றுவதற்கு முன்னால் ஏன் ஸ்கேனரை மாட்டவில்லை என்று கேட்டேன். அவ்வளவுதான். தோசையை வைத்துவிட்டு போனை எடுத்தார். என் எதிரிலேயே என் வீட்டுக்காரருக்குப் போன். "நவநீ, உங்க மேடம் எனக்குத் தொழில் சொல்லித் தர்றாங்கப்பா. நாளையிலேர்ந்து நான் வீட்ல இருக்கேன், அவங்களையே ஷெட்டைப் பார்த்துக்கச் சொல்லு."

சாயங்காலம் இவர் போய் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். எனக்காக. ஒரு பை சாத்துக்குடி வேறு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

டீ ஆறுகிறது. ஆடை படிந்தால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடியுங்கள்.

நோட்டைப் பாருங்கள். ஒன்பது தடவை நின்றிருக்கிறது. ஒன்பதும் திரும்பி வரும்போது. போகும்போது ஒன்றுகூட இல்லை. ஒன்பதும் வெயில் நாள். ஒன்பதும் வண்டி ஓட ஆரம்பித்து முப்பது நிமிடத்துக்கு மேல். இவர் ஆபீஸ் மூன்று கிலோமீட்டர். பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார். அவருக்கு எப்படி நிற்கும்? ஜெயசீலன் காலையில், ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியை எடுத்து ஷெட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். அவருக்கு எப்படி நிற்கும்? எனக்குத்தான் நிற்கும். குழந்தையை வைத்துக்கொண்டு வெயிலில் டாக்டரிடம் காத்திருந்து, மருந்துக்கடையில் நின்று, திரும்பி வருகிற எனக்குத்தான் நிற்கும்.

சூடானால் நிற்கிறது என்றேன். "சூடானா எல்லாம்தான் நிக்கும். நீயே சூடானா என் காது நின்னுடுது" என்றார் இவர். அத்தை சிரித்தார். இந்த வீட்டில் எல்லோருக்கும் நன்றாகச் சிரிக்க வரும்.

ஏழாவது தடவையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.  

அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ராசிபுரத்திலிருந்து வருகிறேன். நானும் குழந்தையும் மட்டும். பின்சீட்டில் குழந்தைக்கென்று ஒரு சீட் வாங்கிக் கட்டியிருந்தேன். கிளிக்கூண்டு என்பார் அத்தை. சீலநாயக்கன்பட்டி பாலத்தின் மேல் ஏறுகிறேன். எழுபதில் போகிறது. நின்றுவிட்டது. சிக்னலில் நிற்பது வேறு அக்கா. ஓடும்போது இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக் ஒரு தடவை பிடிக்கும், அப்புறம் மிதிக்க மிதிக்கக் கட்டையாகிவிடும். பின்னால் ஒரு லாரி. கண்ணாடியில் அதன் முகம் மட்டும்தான் தெரிந்தது. ஹார்னை அடித்தவன் எடுக்கவே இல்லை. இரண்டு கையாலும் இழுத்து ஓரமாகத் தள்ளினேன். லாரி என்னை உரசுகிற மாதிரிப் போயிற்று. வண்டி முழுக்க ஆடியது. குழந்தை அழக்கூட இல்லை. விழித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அழுதேன். பாலத்துச் சுவரில் சாய்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒரு போலீஸ்காரர் வந்து, "கணவன் மனைவி சண்டையாம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் குழந்தையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒன்னும் ஆகலையில்ல? அப்புறம் ஏன் அழறே?" என்றார்.

அந்த வார்த்தையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒன்றும் ஆகவில்லையாம்.

அதற்கப்புறம்தான் ரஃபீக் பாயிடம் போனேன். செவ்வாய்ப்பேட்டையில் சின்னக் கடை. வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் பார்ப்பவர். ஈசிஎம் என்பார்கள். எங்கள் தெருக்கோடி டாக்சி ஸ்டாண்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு வண்டி இன்னொரு தடவை நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆனதும் எங்கேயும் அணைக்காமல் நேரே அங்கே போனேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்தினேன். பேட்டரியில் கை வைக்காதீர்கள், முதலில் ஸ்கேனரை மாட்டுங்கள் என்று. அவர் என்னையும் குழந்தையையும் ஒரு தடவை பார்த்தார். "வைக்க மாட்டேன்மா. முதல்ல குழந்தைக்குத் தண்ணி குடுங்க" என்றார். மாட்டினார். ஒப்பித்துவிட்டது அக்கா. பெட்டிக்கு உள்ளேயே மெமரி கோளாறு என்று திரையில் வந்தது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், பாருங்கள்.

அவர் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். "எப்போ எவ்ளோ பெட்ரோல் விடணும், எப்போ பத்த வைக்கணும்னு எல்லாம் இதுக்குள்ள எழுதியிருக்கும்மா. பெட்டி அப்பப்போ தன்னோட எழுத்தையெல்லாம் கூட்டிப் பார்த்துக்கும். எழுதினப்போ வந்த கூட்டல் வரணும். வரலைன்னா, எதையோ தப்பா படிக்கறோம்னு அதுக்குத் தெரிஞ்சிடும். தன்னையே நம்பாது. நிறுத்திடும்." அப்புறம் பெட்டியின் மேல் சூடான காற்று ஊதுகிற துப்பாக்கியைக் காட்டினார். நாலு நிமிடம். இன்ஜின் நின்றது. ஈரத்துணியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆனது. மறுபடி சூடு, மறுபடி நின்றது. மூன்று தடவை செய்து காட்டினார். நான் மூன்று தடவையும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. பிரசவமான பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"வேற பெட்டி போடணும்மா. அதுவரைக்கும் ஓட்டாதீங்க. குழந்தையை வெச்சுக்கிட்டு சத்தியமா ஓட்டாதீங்க" என்றார்.

வீடியோவை இவரிடம் காட்டினேன். பாதிகூடப் பார்க்கவில்லை. "யாரோ தெரியாத கடையில போய் நின்னுருக்கே. அவனுக்கு வேலை வேணும், சொல்றான். ஹீட்டரை வெச்சு ஊதினா ஜெயசீலனோட ஸ்கேனரும்தான் நிக்கும்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அத்தையிடம், "அம்மா, இந்த வண்டி இருக்கற வரைக்கும் வீட்ல நிம்மதி இல்லை. வித்துடறேன்" என்றார்.

சரி பண்ணிவிடுகிறேன் என்று சொல்லவில்லை. விற்றுவிடுகிறேன் என்றார். அதற்கப்புறமும் ஒரு ராத்திரி ஜெயசீலன் ஷெட்டில் போட்டு, விளக்கு எரியாமல் பார்த்துக்கொண்டு வந்தார்.

நீங்கள் பார்த்துவிட்டு வந்த விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது? "ஒரே ஓனர், லேடி ஓட்டிய வண்டி." ஓட்டத் தெரியாத லேடி. கிளட்சை விட்டுவிட்டு விட்டுவிட்டு நிற்க வைக்கிற லேடி. அவள் ஓட்டிய வண்டியென்றால் உங்களுக்கு நம்பிக்கை வருகிறது, இல்லையா?

என்ன, மணியைப் பார்க்கிறீர்கள்? நாற்பது நிமிடம் ஆகப்போகிறது. கவலைப்படாதீர்கள், இன்றைக்குக் கட்டாயம் நிற்கும். அதற்கு நான் ஏற்பாடு செய்துவிட்டேன்.

ஆமாம், ஏற்பாடுதான். காலையில் இவர் வண்டியைக் கழுவி நிழலில் நிறுத்தி வைத்தார். ஆறட்டும் என்றுதான். இவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறீர்களா? குளிக்கப் போனதும் நான் சாவியை எடுத்து வண்டியை வெயிலுக்குத் தள்ளி நிறுத்தினேன். ஸ்டார்ட் செய்து, ஏசியைப் போட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வந்து கத்தினார். "பெட்ரோல் உங்கப்பனா ஊத்தறான்?" குழந்தை புழுக்கத்தில் தூங்கவில்லை, ஏசியில் தூங்கட்டுமே என்று போட்டேன் என்றேன். உண்மையிலேயே தூங்கினாள். நான் பொய் சொல்லவில்லை. நீங்கள் வந்து ஹார்ன் அடித்தபோதுதான் இறங்கினேன். பெட்டி நல்ல சூட்டில் இருந்தது, கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

இன்றைக்கு இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நிற்க வேண்டும். கிளட்சில் என் கால் இல்லாதபோது நிற்க வேண்டும். வேறு ஒரு ஆம்பளையின் காலுக்குக் கீழே நிற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு. அப்புறம் வாங்குங்கள், வாங்காமல் போங்கள்.

என்ன ஆயிற்று? ஏன் எழுந்துவிட்டீர்கள்?

யார் வண்டியில்?

உங்கள் பெண்ணா? மிதுலாவா? அவள் உள்ளே அத்தையோடு இருக்கிறாள் அக்கா. மீன்தொட்டி பார்க்கப் போனாளே. குழந்தைச் சத்தம் கேட்கிறதே அந்த அறையில். அது... இருங்கள்.

டிவிதான்.

அப்பாவோட போனாளா? எப்போ ஏறினா? நான் டீ போடப் போனப்போவா? பின்சீட்லயா? பெல்ட் போட்டீங்களா? எங்க வண்டியில குழந்தை சீட் இப்போ இல்லைக்கா, விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கறப்போ இவர் கழட்டிப் போட்டுட்டார். மொட்டை மாடியில கிடக்கு. நாலு வயசுக் குழந்தையை யாராவது தெரியாத வண்டியில ஏத்தி அனுப்புவாங்களா? என்னைச் சொல்றீங்களே, எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லலையே! வந்ததிலேர்ந்து துணியைப் பார்த்தீங்க, என் குழந்தை ஒல்லின்னு பார்த்தீங்க, உங்க குழந்தை எங்கேன்னு பார்த்தீங்களா?

போனை எடுங்க. உங்க வீட்டுக்காரருக்குப் போடுங்க. ஓரமா நிறுத்தச் சொல்லுங்க, அணைச்சுட்டு இறங்கி நிக்கச் சொல்லுங்க. ரிங் போகுதா? எடுக்கலையா? ஓட்டறப்போ எடுக்க மாட்டாரா? நல்ல பழக்கம்தான். நான் இவருக்குப் போடறேன். இருங்க. இருங்க...

அது இங்கதான் அடிக்குது. ஃப்ரிட்ஜ் மேல. சார்ஜ் போட்டுட்டுப் போயிருக்கார்.

கத்தாதீங்கக்கா, இனியா முழிச்சுக்குவா. என் கையை விடுங்க. அடிவாரத்து ரோட்ல லாரி அவ்வளவா வராது. ஞாயித்துக்கிழமைதான் கூட்டம். இன்னிக்கு... இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான்.

அத்தை, நீங்க கொஞ்சம் உள்ளே இருங்க. ஒன்னுமில்லை. ஒன்னுமில்லைன்னு சொல்றேன்ல!

இருங்க. கேளுங்க. திருப்பத்துல ஹாரன். நம்ம வண்டிதான். அந்த ஹாரன் எனக்குத் தெரியும். வந்துட்டாங்க. பாருங்க, வந்துட்டாங்க. மெதுவாப் போங்கக்கா, படி...

அப்பா.

தூக்கிக்கொண்டீர்களா? திருப்பிப் பாருங்கள், எங்கேயாவது அடி இருக்கிறதா? இல்லைதானே. நெற்றியில் அது என்ன? பொட்டு கலைந்திருக்கிறது, அவ்வளவுதான். சிரிக்கிறாள் பாருங்கள். என்ன கண்ணு? என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லு.

"கார் ரெண்டு தடவை தூங்கிடுச்சு. இந்த மாமாதான் எழுப்பினாங்க."

கேட்டீர்களா? கேட்டீர்களா அத்தை? டிவியை அணைத்துவிட்டு வந்து கேளுங்கள். குழந்தை சொல்கிறாள். கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தை.

அண்ணா, நீங்கள் சொல்லுங்கள். என்ன? "அது என் தப்புதாங்க. வண்டி புதுசு, கிளட்ச் எனக்குப் பிடிபடலை." யார் அண்ணா அப்படிச் சொன்னது? இவரா? நின்றதும் இவர் சொன்னாரா, நீங்கள் கிளட்சை விட்டுவிட்டீர்கள் என்று? நீங்களும் சரி என்று கேட்டுக்கொண்டீர்களா? எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள்? பதினெட்டு வருஷம். பதினெட்டு வருஷம் ஓட்டியவருக்கு ஒரே காலையில் கிளட்ச் மறந்துபோயிற்று. இவர் வாயைத் திறந்தால் யாருக்கும் கிளட்ச் மறந்துபோகும்.

"ஷைலு, உள்ளே போ."

போக மாட்டேன்.

என்ன அக்கா, அதற்குள் செருப்பைப் போடுகிறீர்கள்? வண்டி வேண்டாமா? நல்லது. நான்தான் முதலிலேயே சொன்னேனே. நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? வண்டியைச் செய்தவள் நானா? வெயிலில் நிறுத்தினேன், அவ்வளவுதானே. வாங்கிக்கொண்டு போயிருந்தால் தினமும் இந்தப் பெண்ணை அதில்தானே பள்ளிக்கூடம் அனுப்பியிருப்பீர்கள்? அதை நினைத்துப் பாருங்கள். கண்ணைத் துடையுங்கள், குழந்தை பயப்படுகிறாள். ஒன்றும் ஆகவில்லை இல்லையா? அப்புறம் ஏன் அழுகிறீர்கள்?

ஒரு நிமிஷம். கேட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று. அண்ணா, நோட்டு என் கையில்தான் இருக்கிறது, இதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் தடவை நின்றபோது மணி என்ன? இரண்டாவது தடவை? பின்னால் லாரி ஏதாவது வந்ததா?

வண்டியில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். அது தப்பாக ஓடுகிறது.